மூளைக்கு வரைபடம்! பணத்துக்குக் கத்தரிக்கோல்!

எலிக்குத் திரைப்படம் காட்டினார்களாம். அதற்கு அரசாங்கம் பணம் கொடுத்ததாம்! இப்படி ஒருவர் மேடையேறிச் சொன்னால் கூட்டம் கைகொட்டிச் சிரிக்கும். "ஏழைக்குக் கஞ்சியில்லை, எலிக்குச் சினிமாவா?" என்று அவர் மேலும் ஒரு போடு போட்டால், சிரிப்பு சீற்றமாக மாறும். கைதட்டல் வாங்குவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. அமெரிக்க நாட்டிலே இந்த வழி நெடுநாளாகப் பழக்கத்தில் இருக்கிறது. வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற செனட்டர், அரசாங்கப் பணம் வீணாவதாகத் தாம் கருதிய இனங்களைப் பொறுக்கியெடுத்து, 1975 முதல் 1988 வரை மாதந்தோறும் ஒரு கேலிப் பரிசு வழங்கி வந்தார். விஞ்ஞானிகள் பலர் அந்தப் பரிசுக்கு ஆளானார்கள். அவர் மறைந்துவிட்டார், அவர் காட்டிய வழி மறையவில்லை.

தோழர்களே, நாமும் அந்தச் சிரிப்பிலே கலந்துகொள்வதற்கு முன்னால், எலிக்கு எதற்காகப் படம் காட்டினார்கள் என்பதைக் கேட்டுவிடுவோம்.

மூளை என்பது நரம்பணுக்களின் கூட்டம். மனித மூளையில் அவை ஏறத்தாழ 8,600 கோடி. ஆனால் சூட்சுமம் எண்ணிக்கையில் இல்லை. எந்த அணு எந்த அணுவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எத்தனை இடங்களில் தொடுகிறது, எவரிடமிருந்து செய்தி வாங்கி எவருக்குக் கொடுக்கிறது என்பதிலேதான் இருக்கிறது. ஒரு நகரத்தின் வீடுகளையெல்லாம் எண்ணி முடித்துவிட்டு, ஒரு தெருவைக்கூட அறியாதவனுக்கு அந்த ஊரைப்பற்றி என்ன தெரியும்? மூளை என்னும் மாநகரத்தில் மருத்துவம் இன்றைக்கும் பெரும்பாலும் தெருத் தெரியாமல்தான் அலைந்துகொண்டிருக்கிறது. அந்தத் தெருக்களை வரைந்து தருவதுதான் 'கனெக்டோம்' எனப்படும் இணைப்பு வரைபடம்.

மரபுப் பொருளான டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டு சொன்னவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கிரிக். மூளையில் ஒரு கன மில்லிமீட்டர் அளவுக்குள்ளே இருக்கும் இணைப்பு முழுவதையும் வரைந்து தரும்படி கேட்பது நடவாத காரியத்தைக் கேட்பதாகும் என்று அவர் 1979ஆம் ஆண்டில் எழுதினார். ஒரு கன மில்லிமீட்டர் என்பது மணற்பரல் அளவு. அந்த அளவுக்கே கையை விரித்துவிட்டார் அந்த மேதை.

அந்த நடவாத காரியம் நடந்துவிட்டது. 2025 ஏப்ரல் மாதம் 'நேச்சர்' இதழில் விவரம் வெளிவந்தது. ஹூஸ்டன் நகரத்தில் பெய்லர் மருத்துவக் கல்லூரியார் எலிக்குப் படத் துணுக்குகளைக் காட்டினார்கள்; 'மேட்ரிக்ஸ்' என்ற படத்தின் காட்சிகளும் அவற்றில் உண்டு. எலி பார்த்துக்கொண்டிருக்கும்போது, பார்வைக்குரிய மூளைப் பகுதியில் எந்தெந்த அணுக்கள் துடிக்கின்றன என்பதைப் பதிவு செய்தார்கள். பிறகு அதே பகுதி சியாட்டில் நகரத்து ஆலன் நிறுவனத்துக்குச் சென்றது. அங்கே அதை 25,000க்கும் மேற்பட்ட ஏடுகளாகச் சீவினார்கள். ஓர் ஏட்டின் கனம், தலைமயிரின் கனத்தில் நானூற்றில் ஒரு பங்கு! பன்னிரண்டு பகல், பன்னிரண்டு இரவு, முறை வைத்துக்கொண்டு கண்விழித்துச் சீவினார்கள். அடுத்தடுத்துச் சில ஏடுகள் பாழானால், தொடர்ந்து வந்த இழை அங்கே அறுந்துபோகும். செய்த வேலையெல்லாம் வீண். ஏடுகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து முடித்த பின்னர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் கணிப்பொறியின் துணைகொண்டு ஒவ்வோர் இழையாகப் பின்தொடர்ந்து சென்று ஒட்டினார்கள். கிடைத்ததென்ன? ஏறத்தாழ 2 லட்சம் உயிரணுக்கள். அவற்றுள் 84,000 நரம்பணுக்கள். 52 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். மணற்பரல் அளவுக்குள்ளே 4 கிலோமீட்டர் நீளத்துக்கு நரம்பிழை!

எலி படம் பார்த்தது பொழுதுபோக்கவன்று. எந்த அணு எதைக் கண்டபோது துடித்தது என்ற பதிவும், அந்த அணு எவற்றோடு பின்னிக் கிடக்கிறது என்ற வரைபடமும், ஒரே மூளைத் துண்டுக்கு, ஒருசேரக் கிடைப்பதற்காக. தெருவும் தெரியவேண்டும், தெருவில் நடப்பாரும் தெரியவேண்டும் அல்லவா?

இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? அரசாங்கம். எந்தத் துறை? இங்கேதான் நாம் சற்றே நின்று பார்க்கவேண்டும். தேசிய சுகாதார நிறுவனங்களின் பங்கும் இதில் உண்டு என்றாலும், 2016இல் இதைத் தொடங்கி வைத்துப் பெரும்பொருள் கொடுத்தது அமெரிக்க உளவுத்துறையின் ஆராய்ச்சிக் கிளையான ஐயார்ப்பா! ஏறத்தாழ 10 கோடி டாலர். எலியின் பார்வையில் உளவுத்துறைக்கு என்ன அக்கறை? மூளை கற்றுக்கொள்வதுபோல் கற்றுக்கொள்ளும் எந்திரத்தைச் செய்யவேண்டும் என்ற அக்கறை. மறைத்துச் செய்தார்கள் என்று நாம் பழி கூறவில்லை. வரைபடம் உலகத்தார் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அது பாராட்டத் தக்கதே. ஆனால் நோயாளிக்காகப் பணம் போடும் துறையின் பை சுருங்கி, உளவாளிக்காகப் பணம் போடும் துறையின் பை விரிந்தே இருக்குமானால், நாளைக்கு எந்தத் தெருவை முதலில் வரைவது என்று தீர்மானிப்பவர் யாராக இருப்பார்?

வெறும் ஐயமன்று இது. நோயாளிக்கான பை சுருங்கித்தான் விட்டது. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; ஏனெனில் அது களவு நடந்தும் கன்னக்கோல் தெரியாத கதை.

2013 ஏப்ரல் 2ஆம் நாள், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த பராக் ஒபாமா, 'பிரெயின்' என்ற பெயரில் மூளை ஆராய்ச்சித் திட்டத்தை அறிவித்தார். தொடக்கம் 10 கோடி டாலர் அளவில். 2016 டிசம்பரில் அந்நாட்டுக் காங்கிரஸ் (காங்கிரஸ் என்றால் அங்கே பாராளுமன்றம், கட்சியைச் சொல்லவில்லை) மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. இருபெருங் கட்சியாரும் சேர்ந்து கையுயர்த்திய சட்டம் அது. மூளைத் திட்டத்துக்குப் பத்தாண்டுகளில் 151.1 கோடி டாலர் என்று அதிலே குறித்தார்கள். எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். 2022க்கு 15.2 கோடி, 2023க்கு 45 கோடி, 2024க்கு 17.2 கோடி, 2025க்கு 9.1 கோடி. ஓராண்டு மேடு, மறு ஆண்டு பள்ளம்! ஆராய்ச்சியின் போக்கறிந்து எழுதிய கணக்கென்று இதை எவரும் சொல்லத் துணியமாட்டார்.

இந்தச் சட்டப் பணத்தைப் பாட்டனார் எழுதிவைத்த உயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது போக, ஆண்டுதோறும் பட்ஜெட்டில், பிள்ளையும் தன் கையிலிருந்து ஒரு தொகை போட்டு வந்தான். 2022இல் உயில் 15.2 கோடி, பிள்ளை 46.8 கோடி, ஆக 62 கோடி டாலர். 2023 பிறந்தது. உயிலிலிருந்து 45 கோடி வந்து விழுந்தது. பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? தன் 46.8 கோடியை அப்படியே 23 கோடியாகக் குறைத்துக்கொண்டான்! இரண்டும் சேர்ந்து 68 கோடி. மொத்தத்தைப் பார்த்த ஊரார், "ஆகா, ஏறியிருக்கிறதே!" என்று மகிழ்ந்தார்கள். உயிலின் நிழலிலே பிள்ளை தன் கையை இழுத்துக்கொண்டதைக் கவனித்தவர் சிலரே.

அடுத்த ஆண்டு, எழுதி வைத்தபடியே, உயில் 17.2 கோடியாக இறங்கிற்று. திடீரென்று வந்த இடியா இது? எட்டாண்டுகளுக்கு முன்பே அச்சடித்த எண்! அந்த ஆண்டில் பிள்ளை தன் பழைய 46.8 கோடியைத் திரும்பப் போட்டிருந்தால் மொத்தம் 64 கோடி ஆகியிருக்கும்; எவரும் மூச்சுவிட்டிருக்கமாட்டார்கள். அவனோ 23 கோடியை விட்டு ஒரு காசும் அசையவில்லை. விளைவு, 40.2 கோடி. ஒரே ஆண்டில் 27.8 கோடி டாலர் வெட்டு, நூற்றுக்கு நாற்பது! 2025இலும் அதே கதை. உயில் 9.1, பிள்ளை 23, ஆக 32.1 கோடி. இரண்டே ஆண்டுகளில் 68 கோடி, பாதிக்கும் கீழே வந்து நின்றது.

"குறைத்தோம்" என்று யாரேனும் மேடையேறிச் சொன்னார்களா? சொல்லவேண்டிய தேவையே இல்லையே! "நாங்கள் எங்கள் பங்கைத் தொடவில்லை, போன ஆண்டு 23, இந்த ஆண்டும் 23" என்று கணக்கைக் காட்டிவிடலாம். வெட்டியவன் கையிலே கத்தி இல்லை. வெட்டுப்பட்டவன் உடம்பிலே காயம் இருக்கிறது. ஆட்சிப் பீடத்தில் இருப்போர் இத்தகைய கணக்கு வித்தையை அமெரிக்காவில் மட்டுமா செய்கிறார்கள்? சிறப்பு நிதி என்று ஒரு கையால் கொடுத்து, வழக்கமான நிதியை மறுகையால் உருவிக்கொள்ளும் கலை உலகப் பொதுவுடைமை. பட்ஜெட் வரும்போதெல்லாம் மொத்தத் தொகையைப் பார்த்து வாய்பிளக்காமல், எந்தப் பையிலிருந்து எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் நம் தோழர்களுக்கு வேண்டுமென்பதாலேயே இத்தனை எண்களையும் எழுத நேர்ந்தது.

வெட்டின் காயம் எங்கே பட்டது? ஏற்கெனவே கையெழுத்தான ஆராய்ச்சிகளுக்குத் தவணை கொடுத்தே தீரவேண்டும். ஆகவே வெட்டின் பெரும்பாரம், புதிய கருத்தோடு வாசலில் வந்து நிற்கும் இளம் ஆராய்ச்சியாளன் தலையில்தான் இறங்கும். அதுவும் எப்போது? 2023 செப்டம்பரில்தான், எலியின் மூளை முழுவதையும் வரைவதற்கு வழிகோலும் முயற்சியாக, ஐந்தாண்டுகளுக்கு 15 கோடி டாலர் என்று 11 குழுக்களுக்கு வழங்கினார்கள். எலியின் முழு மூளை, இப்போது வரைந்து முடித்த மணற்பரலைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு. அடிக்கல் நாட்டிய ஈரம் காயுமுன்னே சிமெண்டு வண்டியைத் திருப்பி அனுப்பியது போலாயிற்று!

இனி, கஞ்சிக்கு வருவோம். எலியிடமிருந்து பிடுங்கிய 27.8 கோடி டாலர் எந்த ஏழையின் அடுப்புக்குப் போயிற்று? அதைக் காட்டட்டும், நாம் வாயடைத்துப் போகிறோம். அமெரிக்காவின் இராணுவச் செலவு 2024ஆம் நிதியாண்டில் 80,000 கோடி டாலருக்கும் மேல். நாளொன்றுக்கு, மணியொன்றுக்கு என்று வகுத்துப் பாருங்கள். மூளைத் திட்டத்தில் வெட்டிய பணம் ஏறத்தாழ மூன்று மணி நேர இராணுவச் செலவு! காலையில் பத்து மணிக்குத் தொடங்கினால் பகல் ஒரு மணிக்குள் தீர்ந்துபோகும் தொகைக்காக ஏழையின் பெயரைச் சந்திக்கு இழுப்பதா?

நோயாளிகளிலே பெரும்பாலோர் ஏழை எளியவர்கள் என்பதையும் இவர்கள் மறந்துவிடுகிறார்கள். கை நடுங்கி நடுங்கிக் கவளம் வாய்க்குப் போகுமுன் சிந்திவிடும் பார்க்கின்சன் நோயாளியைப் பார்த்திருப்பீர்கள். மூளையின் அடியாழத்தில் மின்முனையைப் பதித்து அந்த நடுக்கத்தை அடக்கும் சிகிச்சை இன்றைக்கு இருக்கிறது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பயன் கண்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் பதிப்பது என்று எப்படித் தெரிந்தது? இயக்கத்தை ஆளும் மூளைப் பகுதிகளுக்கிடையே ஓடும் இணைப்புச் சுற்றுகளை மாலன் டிலாங் என்பாரும் அவர் தோழர்களும் 1980களில் விளக்கிக் காட்டினார்கள். அந்தச் சுற்றில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தணித்தால் குரங்கின் நோய்க்குறி தணிகிறது என்று 1990இல் மெய்ப்பித்தார்கள். பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரத்து மருத்துவர் பெனாபிட் அதே இடத்தில் மின்முனையை வைத்தார். இருவருக்கும் 2014இல் லாஸ்கர் விருது கிடைத்தது. அவர்களிடம் இருந்தது முழு வரைபடமன்று. பெருந்தெருக்கள் நாலைந்து மட்டும் குறித்த கைக்குறிப்பு. அதற்கே இத்தனை பலன்!

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறோம். எலி மூளையின் மணற்பரல் வரைபடத்தால் இதுவரை எந்த நோயும் குணமானதில்லை. வரைபடம் வந்த மறுநாள் பித்தம் தெளியும், மறதி நீங்கும் என்று எவரேனும் வாக்களித்தால் நம்பாதீர்கள். ஐரோப்பாவிலே அப்படி வாக்களித்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பத்தாண்டுகளுக்குள் மனித மூளையையே கணிப்பொறிக்குள் படைத்துக் காட்டலாம் என்று ஹென்றி மார்க்ரம் என்ற விஞ்ஞானி 2009இல் பேசினார். 2013இல் அவர் தலைமையிலே மனித மூளைத் திட்டம் தொடங்கிற்று. ஐரோப்பிய அரசுகளின் பணம். 2014இல் நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கையொப்பமிட்டுக் கண்டனக் கடிதம் எழுதினார்கள், நிர்வாகம் மாற்றப்பட்டது. 2023இல் திட்டம் முடிந்தபோது பயனுள்ள கருவிகளும் தரவுகளும் மிஞ்சின. வாக்களித்த மூளை மட்டும் வரவில்லை. அரசாங்கப் பணம் என்பதாலேயே எல்லாம் புனிதமாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரே மனிதரின் கனவுக்கு மொத்தப் பணத்தையும் கொட்டுவது வேறு; பல குழுக்கள், பல முறைகள், திறந்த கணக்கு என்று பரவலாகப் போடுவது வேறு.

"அரசாங்கம் எதற்கு? தனியார் பார்த்துக்கொள்வார்கள்" என்பது கத்தரிக்கோல்காரர்களின் கடைசி அம்பு. புழுவின் கதையைக் கேளுங்கள். மண்ணிலே வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு, 302 நரம்பணுக்கள். அதன் இணைப்பு முழுவதையும் வரைவதென்று இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் நகரத்தில், அரசாங்கப் பணத்தில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகத்தில், சிட்னி பிரென்னர் குழுவினர் இறங்கினார்கள். நிக்கல் தாம்சன் ஏடு சீவினார். எய்லீன் சவுத்கேட் ஆயிரக்கணக்கான படங்களில் இழை இழையாகக் கையால் குறி வைத்தார். ஜான் வொயிட் ஒன்றுகூட்டினார். ஆண்டுக்கணக்காக உழைத்து 1986இல் வெளியிட்டார்கள், 340 பக்கம்! உலகத்தில் முதன்முதல் முழுமையாக வரையப்பட்ட நரம்பு மண்டலம் அது. லாபம் எப்போது என்று கேட்கும் எந்த முதலாளி, புழுவின் நரம்புக்கு இத்தனை ஆண்டு முதல் போட்டிருப்பான்? அதே புழுவைக் கொண்டு செய்த வேறோர் ஆய்வுக்காக 2002இல் பிரென்னர் நோபல் பரிசில் பங்கு பெற்றார் என்பது பின்கதை.

தனியார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சாதிக்கவில்லை. 2024 அக்டோபரில் ஈயின் முழு மூளை வரைபடம் வெளிவந்தது. 139,255 நரம்பணுக்கள், 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். அதற்கு வேண்டிய மைக்ராஸ்கோப் படங்கள் ஹோவர்ட் ஹியூஸ் அறக்கட்டளையின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டவை. எலி மூளையைச் சீவிய ஆலன் நிறுவனமும் மைக்ரோசாப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் கொடையில் எழுந்தது. நன்றி மறக்கவில்லை. ஆனால் இவை கொடை, வாணிபமன்று. கொடையாளி மனம் மாறினால் கதவு சாத்திவிடும். நாம் போய்த் தட்டிக் கேட்க உரிமை கிடையாது. வாணிபமோ, விளைந்த பிறகே வயலுக்கு வரும். 2024 சனவரியில் நியூராலிங்க் என்ற கம்பெனி மனித மூளையில் கருவி பதித்ததை உலகம் வியந்து பேசிற்று. 2004லேயே, கைகால் அசையாத மனிதர் ஒருவர் மூளையில் பதித்த மின்முனைகளின் வழியே கணிப்பொறிக் குறியை நகர்த்திக் காட்டினார். அதற்கு அடிகோலிய ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களில் அரசாங்கப் பணத்தால் நடந்தது என்பதை எத்தனை பேர் பேசினார்கள்?

நம் சென்னையிலும் ஒரு பொறி தெறித்திருக்கிறது. ஐ.ஐ.டி.யிலுள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022இல் தொடங்கப்பட்டது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 ஏடுகளாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் எவரும் காணும்படி வெளியிட்டார்கள். அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் காட்டும் படம் அது, இணைப்பு வரைபடமன்று. அரசின் ஆதரவு உண்டென்றாலும், தொழிலதிபர் ஒருவரின் கொடைதான் அதன் அடித்தளம். எலியின் வரைபடத்தையும் ஈயின் வரைபடத்தையும் சென்னைக் கல்லூரி மாணவி ஒருத்தி இன்றிரவே கணிப்பொறியில் திறந்து பார்க்கலாம். ஒரு காசு கட்டணமில்லை, எவர் அனுமதியும் தேவையில்லை. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கணக்கு நமக்கெதற்கு என்று கேட்போருக்கு இதுவே விடை. வரைவது நின்றால் அவளுக்கும் நின்றது. தனியார் பெட்டிக்குள் போனால் அவளுக்குக் கதவடைத்தது.

2026ஆம் நிதியாண்டுக்கு அந்த உயிலில் எழுதியிருப்பது 19.5 கோடி டாலர். அதுவே கடைசித் தவணை. அதற்குப் பின் அந்தச் சட்டத்தில் மூளைத் திட்டத்துக்கென்று ஒரு வரியும் இல்லை. எலி மூளையில் ஏறத்தாழ 500இல் ஒரு பங்குதான் வரைந்தாகியிருக்கிறது. பிள்ளை 2022இல் தன் கையிலிருந்து கொடுத்தது 46.8 கோடி. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தொகையை, உயிலைக் காட்டி மறைக்காமல், தன் பெயரிலேயே, எடுத்த இடத்தில் திரும்ப வைக்கட்டும்.